கிளிஞ்சல் மேட்டு மக்கள்

சிராங்கூன் சாலையின் இருமருங்கும் பரந்துள்ள வட்டாரத்தை இன்று மக்கள் 'லிட்டில் இந்தியா' என்றும் 'தேக்கா' என்றும் வழங்குகின்றனர். அவ்வட்டாரத்துக்கு அவற்றினும் பழைய தமிழ்ப் பெயர் ஒன்றுண்டு. 'சுண்ணாம்புக் கம்பம்' என்பது அது. கம்போங் என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் கம்பம் ஆயிற்று. செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் அங்கே புகைந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்த பெயர். சூளைகள் மறைந்து தலைமுறைகள் பல சென்றுவிட்டன. எனினும் 'கம்போங் காப்போர் சாலை' என்னும் பெயர்ப் பலகை இன்றும் அங்கே நிற்கின்றது. காப்போர் என்பதற்கு மலாய் மொழியில் சுண்ணாம்பு என்பதே பொருள்.

சிங்கப்பூரின் பழங்கட்டடங்கள் பலவற்றில் தமிழரின் உழைப்பும் சுண்ணாம்பும் ஒன்றாய்க் கலந்துள்ளன. 1856-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று 1862-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எழுப்பியவர்கள் இந்தியாவினின்று நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள் ஆவர். அதன் உட்சுவர்களுக்குப் பூசிய 'மதராஸ் சுண்ணாம்பு' எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைக் கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மக்நேர் எழுதி வைத்துள்ளார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கருப்பட்டியும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கரைத்துப் பூசினராம். பூச்சு உலர்ந்த பிறகு படிகக் கல்லாலும் உருண்டைக் கூழாங்கல்லாலும் பளிங்குபோல் மின்னும் வரை தேய்த்தனராம். கையில் கூழாங்கல், சுவரில் கிளிஞ்சல். இவ்விரண்டும் கட்டடக் கலையில் மட்டுமன்றி, இத்தீபகற்பத்தின் மிகப் பழைய மாந்தர் வரலாற்றிலும் இடம்பெறும் பொருள்கள் என்பதை அக்காலத்தில் அறிந்தவர் மிகச் சிலரே.

அறிந்தவருள் ஒருவர் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்னும் ஆங்கில அதிகாரி. இவரே 1850-இல் 'இந்துனேசியர்' என்னும் சொல்லைப் படைத்தவர். இந்தோனேசியா என்னும் பெயரின் மூலம் அதுவே. சிங்கப்பூரில் பேராலயத்தின் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதாவது 1860-இல், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள வெல்லஸ்லி மாகாணத்தில் அவர் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர் கூட்டம் கூட்டமாகச் சென்று இறங்கிய நிலம் அது. செபராங் பிறை என்பது இன்றைய பெயர். அங்கே மூடா ஆற்றை ஒட்டிய குவார் கெப்பா என்னும் இடத்தில், இரண்டு ஆள் உயரத்தையும் விஞ்சும் கிளிஞ்சல் மேடுகளை ஏர்ல் கண்டார். கடற்கரை அங்கிருந்து விலகிக் கிடந்தது. அலை ஒதுக்கிய கிளிஞ்சல் இவ்வாறு குன்றாகக் குவிவதில்லை. மேட்டின் உள்ளே மனித எலும்புகளும் இருந்தன.

ஏர்ல் அங்குச் சென்றபோதே மேடுகள் கரையத் தொடங்கியிருந்தன. அழித்தது மழையன்று, சுண்ணாம்புக் காளவாய். கூடை கூடையாக வாரிக் கொண்டுபோய்ச் சுடுவதற்கு இதனினும் எளிதான கிளிஞ்சற் சுரங்கம் வேறு ஏது? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டு உண்டு வீசிய ஓடுகள் அனைத்தும் ஓரிடத்தில் குவிந்து கிடந்தன. கடலில் மூழ்கி எடுக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு சுட்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. அதனை வரலாறு என்று அவர்களிடம் எடுத்துச் சொல்வார் எவரும் அன்று இல்லை.

ஐரோப்பாவிலேயே அவ்வறிவு அப்போதுதான் அரும்பியிருந்தது. டென்மார்க்கு நாட்டுக் கடற்கரைகளில் காணப்பட்ட கிளிஞ்சல் மேடுகள் இயற்கை உண்டாக்கியவை அல்ல, பண்டை மக்களின் சமையல் எச்சங்களே என்பதை ஸ்டீன்ஸ்ட்ரப் முதலிய அறிஞர்கள் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் நிறுவினர். 'அடுக்களைக் குப்பை மேடு' என்று பொருள்படும் டேனிய மொழிச் சொல் அதன்பின் உலக அறிஞர் அனைவரும் வழங்கும் சொல்லாயிற்று. ஏர்ல் அனுப்பிய எலும்புகளை இலண்டனில் ஆராய்ந்தவர், டார்வினின் தோழரும் புகழ்பெற்ற உயிரியல் அறிஞருமான ஹக்ஸ்லி. அவருடைய குறிப்பு 1863-இல் வெளிவந்தது. அதே 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் தமிழகத்தின் முதற் கற்கோடரியைக் கண்டெடுத்தார். வங்கக் கடலின் இரு கரைகளிலும் கற்காலம் ஒரே ஆண்டில் ஏட்டில் ஏறியது என்று கூறலாம்.

ஆயினும் 'இடைக் கற்காலம்' என்னும் பெயர் அப்போது பிறக்கவில்லை. வெஸ்ட்ராப் என்பார் அதனை 1866-இல் வழங்கினார். முரட்டுக் கற்கோடரிகளைக் கொண்டு பெரு விலங்குகளை வேட்டையாடிய பழைய கற்காலத்துக்கும், கல்லை வழவழப்பாகத் தீட்டி, மட்பாண்டம் வனைந்து, பயிர் செய்யத் தொடங்கிய புதிய கற்காலத்துக்கும் இடைப்பட்டது அது. பனியூழி முடிந்து உலகம் வெப்பமடைய, பனிப்பாளங்கள் உருகிக் கடல்கள் உயர, காடுகளும் விலங்குகளும் மாற, மனிதனும் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட காலம். பெரிய வேட்டையை மட்டும் நம்பியிராமல் மீன், நண்டு, சிப்பி, கிழங்கு, கொட்டை, சிறு விலங்கு என்று கிடைத்ததையெல்லாம் தேடித் தின்னக் கற்ற காலம். இப்பெயர் ஐரோப்பாவின் அளவுகோலால் அளந்து இட்ட பெயர் என்பதை மறத்தலாகாது. ஏனைய நாடுகளுக்கு அச்சட்டை முழுமையாகப் பொருந்துவதில்லை.

பொருந்தாமைக்கு இலங்கையே சான்று. ஐரோப்பிய இடைக் கற்காலத்தின் அடையாளமாகக் கருதப்படுபவை நுண்கற்கருவிகள். விரல் நகத்தளவே ஆன பிறைவடிவ, முக்கோண வடிவச் சில்லுகள். அவற்றை மரத்தண்டிலோ எலும்பிலோ பிசின் இட்டுப் பதித்து அம்பாகவும் ஈட்டியாகவும் அரிவாளாகவும் ஆக்கினர். ஐரோப்பாவில் இவை பரவலாயின பனியூழியின் முடிவில்தான். இலங்கையின் ஃபாகியன் குகையிலோ நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளிலேயே கிடைத்துள்ளன. மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் தாவும் குரங்கையும் அணிலையும் வீழ்த்த அவர்கள் எலும்பு முனைகளைப் பயன்படுத்தினர் என்பதையும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு நாட்டில் 'இடை' என்பது மற்றொரு நாட்டில் 'தொடக்க'மாகவே இருந்துவிடுகின்றது.

தமிழகத்திலோ இடைக் கற்காலம் சிவந்த மணலில் கிடக்கின்றது. சிங்கப்பூர்த் தமிழருள் திருநெல்வேலிச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். அவர்களுடைய பாட்டனார் பனையேறிய தேரிக்காடுகளே இக்காலத்தின் சீரிய தடயங்களைக் காத்து வைத்தவை. ஃபூட் அவற்றை முன்னமே கண்டு குறித்தார். பிறகு இலண்டன் பேராசிரியர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சின் அம்மையாரும் மெஞ்ஞானபுரம், சாயர்புரம், குளத்தூர் முதலிய ஊர்களின் தேரிகளை ஆராய்ந்து 1956-இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் விரிவாக எழுதினர். வெண்படிகக் கல்லிலும் சக்கிமுக்கிக் கல்லிலும் செதுக்கிய பிறைகளும் கூர்முனைகளும் சுரண்டிகளும் அங்கே கிடைத்தன. பல கருவிகளில் தேரி மணலின் செந்நிறம் ஊறி ஏறியிருந்தது. மேட்டு மணல் சிவப்பதற்கு முன்பே அவை அங்கே விழுந்துவிட்டன என்பதற்கு அக்கறையே சான்றாயிற்று. கடல் இன்றைய மட்டத்தினும் இருபது முப்பது அடி உயர்ந்திருந்த காலத்தோடு தேரிகளைத் தொடர்புபடுத்தி, கி.மு. 4000-ஐ ஒட்டிய காலத்தை அவர்கள் கணித்தனர். உப்பங்கழிகளின் ஓரத்தில், மணல்மேட்டின் மறைவில் குடியிருந்து, மீனும் பிடித்து வேட்டையும் ஆடிய மக்கள் என்பது அவர்களின் முடிபு. அக்கருவிகளுள் சில, இலங்கைக் கருவிகளோடு உடன்பிறந்தவை போன்றவை. இதில் வியப்பில்லை. கடல் தாழ்ந்திருந்த காலத்தில் பாக் நீரிணை தரையாகவே இருந்தது, நடந்தே கடந்திருக்கலாம்.

தேரியினின்று நேர் கிழக்கே வங்கக் கடலைக் கடந்து மலாயாவுக்கு வந்தால் காட்சி முற்றும் மாறுகின்றது. இங்கே நுண்கற்கருவி மரபே இல்லை என்று சொல்லத் தகும். ஆற்றுக் கூழாங்கல்லை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சுற்றிவரக் கொத்தி, மறுபக்கத்தை இயற்கை வழவழப்போடு விட்டுவிடுவர். கைக்கு அடக்கமான நீள்வட்டக் கல். இதனைக் கண்ட முதல் ஆய்வாளர்கள் சிலர், இவ்வளவு முரட்டுக் கருவியை உடையவர் அறிவிலும் முரடராகவே இருந்திருப்பர் என்று எண்ணினர். அக்கருத்து இன்று நிற்காது. மூங்கில் நிறைந்த நாட்டில் கல்லைக் கூராக்க வேண்டிய தேவை என்ன? பிளந்த மூங்கிற் சிம்பு சவரக் கத்தி போல் அறுக்கும். கூழாங்கல், மூங்கிலை வெட்டுவதற்கும் மரத்தைச் செதுக்குவதற்கும் சிப்பியை உடைப்பதற்கும் உரிய கருவியாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைய அறிஞர் பலர் கருதுகின்றனர். மூங்கில் மட்கிவிட்டது, கல் எஞ்சியது. எஞ்சியதை மட்டும் வைத்து ஒரு மக்களின் கைத்திறனை மதிப்பிடுவது, ஆணி மட்டும் கிடைத்த வீட்டை ஆணியாலேயே கட்டினார்கள் என்பது போலாகும்.

இக்கூழாங்கல் மரபுக்கு 'ஹோவாபின்' பண்பாடு என்பது பெயர். வியட்நாமின் ஹோவாபின் மாநிலத்துக் குகைகளை 1920-களில் அகழ்ந்த மதலேன் கொலானி என்னும் பிரெஞ்சு அம்மையார் அதனை உலகுக்குக் காட்டினார். 1932-இல் ஹனோயில் கூடிய தொலைக்கிழக்குத் தொல்வரலாற்றாளர் மாநாடு பெயரை உறுதிசெய்தது. அம்மாநாட்டின் மூன்றாவது கூட்டம் 1938 சனவரியில் சிங்கப்பூரில் நடைபெற்றது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் வெண்ணிறக் குவிமாடத்தோடு நிற்கும் இன்றைய தேசிய அரும்பொருளகம் அந்நாளில் ராஃபிள்ஸ் அரும்பொருளகம். மலாயாவின் தொல்வரலாற்று ஆய்வுக்கு அதுவும் ஒரு தலைமைக் களமாக விளங்கியது. அதன் இதழில்தான் குவார் கெப்பா மேடுகளின் அகழாய்வு அறிக்கை 1936-இல் அச்சேறியது.

அவ்வகழாய்வை 1934-இல் நடத்தியவர் வான் ஸ்டெய்ன் கல்லன்ஃபெல்ஸ் என்னும் டச்சுக்காரர். மலைபோன்ற உடலும் மார்பு வரை தாடியும் கொண்டவர். முன்னரே சுமத்திராவில் மேடான் நகருக்கருகே இத்தகைய கிளிஞ்சல் மேடுகளைத் தோண்டிப் பட்டறிவு பெற்றிருந்தார். அங்கும் சுண்ணாம்பு சுடுவோர் அவருக்கு முந்திக்கொண்டனர்! குவார் கெப்பாவில் அவர் எதிர்கொண்டவை மூன்று மேடுகள். மேடுகள் என்பதும் பழைய நினைவில் சொல்லும் சொல்லே, ஏர்ல் கண்ட உயரம் அனைத்தும் காளவாய்க்குப் போய்விட்டது, அடித்தளமே எஞ்சியிருந்தது. தொல்லியலில் இது எத்துணைப் பெரிய இழப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். குப்பை மேட்டில் அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. குவார் கெப்பாவில் கூழாங்கற் கருவிகளோடு, விளிம்பு தீட்டிய கோடரிகளும் மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. முன்னவை இடைக் கற்காலத்தன, பின்னவை புதிய கற்காலத்துச் சாயல் உடையன. எந்த அடுக்கில் எது நின்று, எது புகுந்தது? வேடன் எப்போது குயவன் ஆனான்? அவ்வினாவுக்கு விடை கூறவல்ல மேலடுக்குகளை யாரோ வெற்றிலைக்குத் தடவிவிட்டனர். யாருடைய வீட்டுச் சுவரிலோ பூசிவிட்டனர். எனவேதான் அம்மேட்டை இடைக் கற்காலத்ததென்பாரும் புதிய கற்காலத்ததென்பாரும் இன்றளவும் உளர்.

எஞ்சிய அடித்தளமும் ஊமையன்று. கிளிஞ்சல் மேடு ஒன்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அது ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு. சிப்பியின் வகை, அது சேற்றிலிருந்து வந்ததா மணலிலிருந்து வந்ததா என்பதைச் சொல்லும். சிப்பியின் அளவு நாளாக நாளாகச் சிறுத்திருப்பின், முற்றாத சிப்பியையும் விடாது பொறுக்கினர், அதாவது உண்பார் தொகை பெருகிற்று என்று கொள்ளலாம். மீன் முள்ளும் ஆமையோடும் பன்றிப் பல்லும் அடுப்புக் கரியும் கலந்து கிடக்கும். மற்றொன்றும் உண்டு. கடல் வற்றிய வேளையில் சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கும் வேலையை, நெய்தல் நில மக்களிடையே பல நாடுகளிலும் பெண்டிரும் சிறுவருமே மிகுதியும் செய்து வருகின்றனர். பழங்காலத்திலும் அவ்வாறே நிகழ்ந்திருப்பின், கற்கால மனிதன் என்றதும் ஈட்டி ஏந்திய ஆடவனையே வரைந்து காட்டும் பாடநூற் படங்களைத் திருத்த வேண்டியிருக்கும். குன்று போல் குவிந்த அவ்வளவும் பெண்களின் கூடையிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: சிப்பியின் ஓடு பெரிது, சதை சிறிது, அன்றியும் ஓடு அழியாது. கிழங்கும் கீரையும் பழமும் தடமின்றி மறைந்துவிட்டன. மேட்டைப் பார்த்து, அவர்கள் சிப்பியை மட்டுமே தின்று வாழ்ந்தனர் என்று கொள்வது பிழை.

உண்டு வீசிய ஓடுகளின் நடுவிலேயே இறந்தோரையும் அடக்கம் செய்தனர். முதலில் இது அருவருப்பாகத் தோன்றலாம். குப்பையிலா புதைத்தனர்? ஆனால் அவர்களுக்கு அது குப்பையன்று. தாயும் பாட்டியும் அமர்ந்து உண்ட இடம். எலும்புகளின் மீது செங்காவி தூவியிருந்தனர். காவிக்கல்லை அரைத்த அம்மிகளும் கிடைத்தன. இரத்தத்தின் நிறத்தை இறந்தவர்க்கு மீண்டும் அளிக்கும் வழக்கம் உலகின் பல மூலைகளிலும் காணப்படுவது. அதன் உட்பொருளை அவரவர் ஊகிக்கலாமேயன்றி உறுதி கூற இயலாது.

இறந்தோரிடம் காட்டிய அன்புக்கு இதனினும் தெளிவான சான்று பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் உள்ளது. 1990-91-இல் சுரைனா மஜீத் அம்மையார் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் குனோங் ருந்து குகையில் ஓர் ஆடவரின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். அவர் வாழ்ந்து ஏறத்தாழ பத்தாயிரம் அல்லது பதினோராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இறந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. அக்காலத்துக்கு அது முதுமை. அவருடைய இடக்கை பிறவியிலேயே ஊனமுற்றது. கை சிறுத்து விரலெலும்புகளும் குறைபட்டிருந்தன. வில்லை வளைக்கவோ கிளையைப் பற்றி ஏறவோ அக்கை உதவியிராது. வேட்டையும் சேகரிப்புமே வாழ்வாக இருந்த சிறு கூட்டத்தில் அத்தகைய குழந்தையை நாற்பது ஆண்டுகள் காத்திருக்கின்றனர். இறந்தபின் கால்களை மடக்கிக் கருவிலிருக்கும் குழவி போல் கிடத்தி, ஆற்று நத்தை ஓடுகளையும் இறைச்சியையும் கற்கருவிகளையும் உடன் வைத்து, அக்குகையிலேயே அடக்கம் செய்திருக்கின்றனர். காட்டு வாழ்க்கை என்றால் வலியோர் பிழைக்க, நொய்யோர் மடியும் வாழ்க்கை என்று எழுதிச் சென்ற அறிஞர் பலர். அவர்களுள் எவரும் இக்குகையைக் கண்டாரல்லர். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இனி, சிங்கப்பூரில் இக்காலத்து மக்களின் சுவடு உண்டா? பதினான்காம் நூற்றாண்டுக்கு முற்பட்ட சிங்கப்பூரைப் பற்றி மண் இதுவரை மிகக் குறைவாகவே பேசியுள்ளது. 1984-இல் கெனிங் மலையில் ஜான் மிக்சிக் தொடங்கிய அகழாய்வு காட்டியது துறைமுக நகரத்தின் வாழ்வை; கற்காலத்தையன்று. ஊபின் தீவு போன்ற இடங்களில் கிடைத்த கற்கோடரிகளும் புதிய கற்காலத்தைச் சார்ந்தவை. இடைக் கற்கால மக்கள் இங்கு வாழவே இல்லை என்று இதனால் முடிவு கட்டலாமா?

கட்டலாகாது, ஏனெனில் அவர்கள் வாழ்ந்திருக்கக்கூடிய கரை இன்று கரையாக இல்லை. இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்திரா, சாவகம், போர்னியோ, மலாயா யாவும் ஒரே நிலப்பரப்பு; சிங்கப்பூர் தீவன்று, அப்பரந்த சமவெளியில் ஒரு சிறு மேடு. பின்னர்க் கடல் ஏறத் தொடங்கியது. அது எவ்வாறு ஏறியது என்பதற்கு உலகிலேயே சிறந்த சான்றுகளுள் ஒன்று கேலாங் பகுதியின் மண்ணுக்கடியில் கிடைத்துள்ளது. அங்குக் குழாயிட்டு எடுத்த பழங்கழிமுகச் சேற்றை ஆராய்ந்தவர்கள், 9,500 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மட்டத்திற்கு 17 மீட்டர் கீழே இருந்த கடல், 8,000 ஆண்டுகளுக்கு முன்பு 3 மீட்டர் கீழே வரை வந்துவிட்டது என்று 2007-இல் வெளியிட்டனர். கணக்கிட்டுப் பார்த்தால் நாற்பது ஆண்டுகளில் ஓரடிக்கு மேல். லெங்கோங் குகை மனிதர் வாழ்ந்த அளவு வாழ்ந்த ஒருவர், தாம் பிள்ளைப் பருவத்தில் சிப்பி பொறுக்கிய சதுப்பு நிலம் தம் முதுமையில் கடலுக்கடியில் போனதைக் கண்ணால் கண்டிருப்பார். தட்டையான கண்டல் காட்டுக் கரையில் ஓரடி உயர்வென்பது நெடுந்தொலைவு நிலத்தை விழுங்கும். கடல் அதன் பின்னும் உயர்ந்து இன்றைய மட்டத்தையும் தாண்டி, பிறகே சற்று இறங்கியது. குவார் கெப்பா மேடுகள் உள்நாட்டில் கிடப்பதன் காரணம் அதுவே. அவை கடல் உயர்ந்து நின்ற காலத்துக் கரையோரம். அதற்கு முந்திய கரையோரங்களும் அவற்றின் மேடுகளும் சிங்கப்பூர் நீரிணையின் அடியில் கிடக்கக்கூடும். எஞ்சிய கரையையும் இருநூறு ஆண்டுகளாக மனிதர் மண்ணிட்டு நிரப்பி வந்துள்ளனர்.

கடல் கொண்ட நிலம் என்றவுடன் தமிழர் மனம் குமரிக்கண்டத்தை நோக்கிப் பாய்வது இயல்பு. அங்கே ஒரு தடை போட வேண்டியுள்ளது. இலெமூரியா என்பது மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவதற்குக் காரணம் கூற, 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் கற்பித்த கண்டம். ஆழ்கடலின் அடியில் அத்தகைய கண்டம் இல்லையெனக் கண்டு நிலவியலார் அதனைக் கைவிட்டனர். சுந்தா நிலத்தின் கதை அத்தகையதன்று. அது ஆழமற்ற கடல். அதன் அடியில் பழைய ஆற்றுப் படுகைகளை இன்றும் அளந்து காட்டுகின்றனர். இலெமூரியாவுக்கு ஊகம் ஒன்றே சான்று; சுந்தாவுக்கோ கேலாங் சேறு சான்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது உண்மையான கடல்கோளுக்குச் செய்யும் தீங்கு.

கிளிஞ்சல் மேட்டு மக்கள் யார் என்னும் வினாவுக்கு அந்நாளைய அறிஞர்கள் மண்டையோட்டையும் தாடையெலும்பையும் அளந்தே விடை தேடினர். ஹக்ஸ்லி முதல், குவார் கெப்பாத் தாடையைப் பற்றிச் சிங்கப்பூர் மாநாட்டு மலரில் எழுதிய மைஸ்பெர்க் வரை, கிழக்கேயுள்ள மெலனீசியரையும் ஆஸ்திரேலியரையும் சுட்டினர்; இவர்கள் எங்கிருந்தோ வந்து எங்கோ போய்விட்ட இனம் என்னும் எண்ணம் அதனால் வேரூன்றியது. கிளந்தான் மாநிலத்துச் சா குகை அவ்வெண்ணத்தைத் திருத்தியது. 1954-இல் சீவ்கிங் என்பார் அகழ்ந்த அக்குகையில் ஹோவாபின் மக்களின் புதைகுழிகளும் அவற்றுக்கு மேல் புதிய கற்காலத்தாரின் புதைகுழிகளும் அடுக்கடுக்காக இருந்தன. அங்குக் கிடைத்த எலும்பொன்றினின்றும் லாவோசில் கிடைத்த ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழைய எலும்பினின்றும் மரபணுவைப் பிரித்தெடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அம்மக்கள் அந்தமானின் ஓங்கி இனத்தார்க்கும் மலேசியக் காடுகளின் சகாய் முதலிய பழங்குடியினர்க்கும் நெருங்கிய உறவினர் என்று காட்டியது. அவர்கள் எங்கும் போய்விடவில்லை. பிற்காலத்து வந்த உழவர் கூட்டத்தோடு ஒரு பகுதி கலந்தது. ஒரு பகுதி காட்டிலேயே தங்கியது. சுற்றுலாக்காரர்கள் நிழற்படம் எடுத்துச் செல்லும் அப்பழங்குடியினரின் பாட்டன்மாருக்கும் கிளிஞ்சல் மேட்டுக்கும் உறவு இல்லையென்று எவரும் இனிக் கூறுவதற்கில்லை.

குவார் கெப்பாவில் கிடைத்த எலும்புக்கூடுகள் 41, கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் நகரைச் சென்றடைந்து அங்குள்ள அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டன. நெடுங்காலம் அவற்றை நினைத்தார் இலர். பின்னர், மேடிருந்த இடத்திலேயே ஒரு காட்சிக்கூடம் எழுப்ப முடிவாயிற்று. 2017 ஏப்ரலில் அதற்கான நிலத்தைத் தோண்டியபோது, கல்லன்ஃபெல்சின் கண்ணுக்கும் சுண்ணாம்பு சுட்டோரின் மண்வெட்டிக்கும் தப்பிய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 5,710 ஆண்டுகள் பழைமையானது என்று கணித்து, 'பினாங்குப் பெண்' என்று பெயரிட்டனர். அதன் பிறகே லைடனில் உள்ளவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்னும் கோரிக்கை பினாங்கில் உரத்து எழுந்தது. ஒரே மேட்டில், ஒரே கிளிஞ்சல் அடுக்கில், பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களுள் அவள் ஒருத்தி தன் மண்ணிலேயே கண்டெடுக்கப்பட்டாள்.